கதவு மேல் ஈரத் துண்டு

என் அப்பாவும் அம்மாவும் ஆயுசு முழுக்கச் சண்டை போட்டது ஒரே ஒரு விஷயத்துக்குத்தான். ஈரத் துண்டு. அப்பா ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. ஷிப்ட் முடிந்து வந்ததும் சட்டையைக் கழற்றுவார், பின்பக்கக் குழாயடியில் நாலு சொம்பு ஊற்றிக்கொள்வார், துவட்டிய துண்டை அப்படியே உள் அறைக் கதவின் மேல் வீசிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிடுவார். பின்னாலேயே கொடி கட்டியிருக்கும். அது மட்டும் அவர் கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் இறங்கி இறங்கி அந்தக் கதவு ஊறிப் போய், மழைக்காலம் வந்தால் சாத்தவே முடியாது.

"கொடி இன்னாத்துக்குக் கட்டிக்கீது, காக்கா உக்காரவா?" என்று அம்மா ஆரம்பிப்பாள்.

"காயும், காயும்" என்பார் அப்பா. அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டார். அம்மாவும் அதற்கு மேல் விட மாட்டாள். நான் கல்யாணமாகிப் போய், அது சரிப்படாமல் இதே வீட்டுக்குத் திரும்பி வந்தபோதுகூட, வாசலில் பையோடு நின்ற என்னை வரவேற்றது இந்தச் சண்டைதான். சண்டையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள், சாப்பாடு போட்டார்கள், மறுபடி ஆரம்பித்தார்கள். அன்றைக்கு எனக்கு அது எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று யாரிடமும் சொன்னதில்லை.

ஒருநாள் டூட்டிக்குக் கிளம்ப ஷூ மாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார். அவ்வளவுதான். ஆஸ்பத்திரி வரைக்கும்கூடத் தாங்கவில்லை.

எங்கள் பக்கத்தில் பெண்கள் தெருமுனை வரைக்கும்தான். பாடை திரும்புகிற இடத்தில் பெண்களை நிறுத்திவிடுவார்கள். அம்மாவை இரண்டு பேர் தோளைப் பிடித்து நிறுத்தினார்கள். அவள் அழவில்லை. எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சுடுகாட்டு வேலை எல்லாம் தம்பிதான். சாம்பலை எடுத்துப்போய் மாமல்லபுரத்துக் கடலில் கரைத்துவிட்டு வந்ததும் அவன்தான். அவன் வீட்டுக்குள் நுழைவதற்குள் அம்மா ஆரம்பித்துவிட்டாள்.

"எங்க வுட்ட?"

"கடல்லம்மா."

"கடல்ல எங்க?"

"இடுப்பளவு தண்ணில நின்னு வுட்டேம்மா."

"அல திருப்பிக் கரைல தள்ளிடாதா?"

"இல்லம்மா, உள்ள இழுத்துக்கிச்சி."

"நீ பாத்தியா?"

இதே விசாரணை அன்றோடு முடியவில்லை. தம்பி எப்போது வந்தாலும் நடக்கும். ஒருநாள் அவன் பொறுமை போய், "உப்போட உப்பாப் போய்ட்டாரும்மா, வுடு!" என்று கத்திவிட்டான். அம்மா அதைக் கேட்டுக்கொண்டு தலையை ஆட்டினாள். ஆனால் விடவில்லை. அப்பா கடைசியாக வீசிய துண்டு கதவின் மேலேயே காய்ந்து கிடந்தது. ஒருநாள் அதை எடுத்து மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். என்னிடம் சொன்னாள்:

"ஒரே ஒரு வாட்டி என்ன கடலுக்குள்ள இட்டுகினு போ. அந்தத் தண்ணில கைய வச்சிட்டு, இந்தத் துண்ட அவராண்ட வுட்டுட்டு வந்துர்றேன். அவ்ளோ தண்ணில கீறாரு மனுசன், இன்னாத்தால தொடைப்பாரு?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே குழாயடிக்குப் போய் அழுதேன். அடுத்த லீவில் கூட்டிப் போகிறேன் என்றேன். எங்கள் வீட்டில் எல்லாமே அடுத்த லீவில்தான்.

அந்த லீவு வருவதற்குள் அம்மா விழுந்துவிட்டாள். அவளும் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்த்தாள். மாடிப்படிக் கைப்பிடிகளைத் துடைப்பதுதான் அவளுக்குக் கொடுத்திருந்த வேலை. கீழே இருந்து மேலே, மேலே இருந்து கீழே, கொரோனாவுக்கு அப்புறம் அது இன்னும் கூடிப் போனது. மழை நாளில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது வழுக்கி, இடுப்பெலும்பு உடைந்து, உள்ளே கம்பி வைத்தார்கள். அதற்குப் பிறகு வீட்டுக்குள் வாக்கர், வெளியே வீல்சேர். அம்மா செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடப்பாள். பஸ்ஸிலிருந்து இறங்கித் தெருவில் வரும்போதே அந்தச் சத்தம் கேட்கும். 'காலைத் தூக்கித்தான் நடயேன்' என்று எத்தனை தடவை எரிந்து விழுந்திருக்கிறேன். இப்போது அந்தச் சத்தம் ஒரே ஒரு சாயங்காலம் கேட்டால் போதும் என்று இருக்கிறது.

வாக்கு கொடுத்தாயிற்று. தம்பி ஒரு சிநேகிதனின் காரை இரவல் வாங்கி வந்தான், மாமல்லபுரம் போனோம். கடல் அங்கே இருக்கிறது, நாங்கள் இங்கே இருக்கிறோம், நடுவில் மணல். வீல்சேர் பத்தடி கூடப் போகவில்லை, சக்கரம் புதைந்து நின்றுவிட்டது. தம்பியும் பஜ்ஜிக் கடைக்காரர் ஒருவரும் நாற்காலியோடு சேர்த்துத் தூக்கப் பார்த்தார்கள். அம்மா போட்டாளே ஒரு சத்தம்!

"கீழ வைடா! முன்னால ஒருத்தன், பின்னால ஒருத்தன், பொணமாட்டம் தூக்கினு போவப் பாக்குறீங்களா?"

வைத்துவிட்டார்கள். பலூன்காரர்களுக்கும் குதிரைக்காரர்களுக்கும் நடுவில் தெரிந்த துண்டுக் கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "வா போலாம்" என்றாள். துண்டு மடியிலேயே இருந்தது. ஆசைப்பட்டதைக் கண்ணில் காட்டிவிட்டுக் கொடுக்காமல் திரும்பிக் கூட்டிவருவது மாதிரி ஒரு பாவம் உண்டா?

இப்படி இருக்கும்போதுதான் கம்பெனி பஸ்ஸில் என் லைனில் வேலை பார்க்கும் ஒருத்தி போனை நீட்டினாள். நான் ஒயரிங் செட் பண்ணும் யூனிட்டில் லைன் லீடர். அவளுக்கு வேலை நேரத்தில் போன் பார்த்ததற்காக என்னிடம் நிறைய வசவு வாங்கிய அனுபவம் உண்டு, அதனால் தயங்கித் தயங்கித்தான் காட்டினாள். சென்னைத் துறைமுகத்திலிருந்து கிளம்பும் உல்லாசக் கப்பல். இரண்டு ராத்திரி கடலுக்குள்ளேயே சுற்றிவிட்டு, எந்த ஊரிலும் நிற்காமல், கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்துவிடுமாம். வீல்சேர் போகும் என்று போட்டிருந்தது. என் மண்டையில் ஓடியது ஒன்றே ஒன்றுதான். கப்பலில் மணல் கிடையாது.

அம்மாவிடம் சொன்னேன்.

"எந்த ஊருக்கும் போவாதா? சும்மா போய்ட்டு சும்மா வருமா? அதுக்கு இன்னாத்துக்குப் போறாங்க?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "நடுக்கடல் வரைக்கும் போவுமா?" என்று கேட்டாள்.

"போவும்."

தலையணைக்கு அடியில் கையை விட்டுத் துண்டு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

தம்பிக்குப் பிடிக்கவில்லை. "யக்கா, உனக்கு அறிவு கீதா? நடுக்கடல்ல அம்மாவுக்கு ஒண்ணுன்னா இன்னா பண்ணுவ?" என்றான். "இங்க ஒண்ணுன்னா மட்டும் இன்னா பண்ணுவ, ஒரகடம் டிராபிக்ல நின்னுகினு ஹாரன் அடிப்ப. போடா வேலையப் பாத்துகினு" என்றேன். எனக்கு வாய் ஜாஸ்தி என்று ஊரே சொல்லும். பொய் இல்லை.

டிக்கெட்டுக்குப் போன் செய்தபோதும் அந்த வாய்தான் நீண்டது. எங்களுக்குத் தெரிந்தது இதுதான்: ரயில் என்றால் வயசானவர்களுக்கு லோயர் பெர்த், ஆஸ்பத்திரி என்றால் கீழ்த்தள வார்டு, வாடகை வீடு என்றால் கீழ்ப் போர்ஷன். நடக்க முடியாத அம்மாவுக்கு எவ்வளவு கீழே முடியுமோ அவ்வளவு கீழே ரூம் வேண்டும் என்று கேட்டேன். போனில் பேசிய பையன், "மேடம், மேல ஜன்னல் வச்ச ரூம் இருக்கு, லிஃப்ட்டும்..." என்று ஏதோ சொல்ல வந்தான். "ஏம்ப்பா, உங்க வூட்டுப் பெரியவங்கள இப்டித்தான் மாடில ஏத்தி வைப்பியா?" என்று ஒரே போடு. அவன் பயந்துபோய், அடித் தளத்தில், உள்பக்கமாக ஒரு ரூம் போட்டுக் கொடுத்துவிட்டான். சண்டை போட்டுச் சாதித்துவிட்ட சந்தோஷத்தில் நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

கப்பலைப் பார்த்ததும் அம்மா வாயைப் பிளந்தாள். "நம்ம கம்பெனிய தூக்கித் தண்ணில வச்சிட்டாங்களா?" என்றாள். அடையாள அட்டை, பை சோதனை, வரிசை என்று எல்லாமே ஷிப்டுக்குள் நுழைகிற மாதிரிதான் இருந்தது. சோதனை செய்த பெண் அம்மாவின் பையிலிருந்து துண்டை எடுத்து உதறிப் பார்த்துவிட்டுத் திரும்ப நீட்டினாள். அம்மா அதை வாங்கி மறுபடி மடித்தாள். எப்போதும் மடிக்கிற அதே மடிப்பு.

ரூம் கதவைத் திறந்தேன். இரண்டு கட்டில், ஒரு கண்ணாடி, நாலு சுவர். அம்மா தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கடலு எங்கடி?"

"வெளியம்மா."

"ஜன்னலு?"

நான் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

"கடலக் காட்றேன்னு சொல்லி இட்டாந்து ஸ்டோர் ரூம்ல வச்சிருக்கியேடி!" என்றாள். அந்தப் பையன் சொல்ல வந்தது இதுதான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரூம் மாற்றிக் கொடுக்கச் சொல்லி வரவேற்பில் போய் நின்றேன், எல்லாம் நிரம்பிவிட்டது என்றார்கள். அதற்குள் கப்பல் கிளம்பிவிட்டிருந்தது. அது நகர்வதுகூட எங்களுக்குத் தெரியவில்லை. திரும்பி வந்தபோது அம்மா கட்டிலில் ஒருக்களித்துப் படுத்து, உள்ளங்கையைச் சுவரில் வைத்திருந்தாள்.

"செவுத்துக்கு அந்தாண்ட தண்ணிதானே?" என்றாள்.

அந்தாண்ட இருந்தது பக்கத்து ரூம்காரர்களின் பாத்ரூம். "ஆமாம்மா" என்றேன். அவள் கையை எடுக்கவில்லை. அப்படியே தூங்கிப் போனாள். என் பிடிவாதத்தால் இவள் மறுபடி கடலுக்குப் பக்கத்தில் வந்து கடலைப் பார்க்காமல் போய்விடுவாளோ என்று நினைத்து நினைத்துப் புரண்டுகொண்டு கிடந்தேன்.

விடிகாலை ஏ ஷிப்ட் பஸ்ஸுக்கு எழுந்து பழகிய உடம்பு, லீவு நாள் என்றாலும் விடியும்போது விழித்துக்கொள்ளும். அம்மாவும் விழித்துத்தான் கிடந்தாள். முகம் கழுவி, தலை வாரி, லிஃப்டில் ஏற்றி மேலே திறந்தவெளித் தளத்துக்குத் தள்ளிக்கொண்டு போனேன். கதவைத் திறந்ததும் காற்று முகத்தில் அறைந்தது. ஆனால் கதவின் அடியில் வாசப்படி மாதிரி ஒரு சாண் உயரத்துக்கு இரும்பு. வீல்சேர் அதில் முட்டி நின்றது. சரிவாகப் பலகை போட்ட கதவு மறுபக்கம் இருந்ததாம், அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மணலைத் தாண்டி, ஜன்னல் இல்லாத ரூமைத் தாண்டி வந்து, ஒரு சாண் இரும்பில் நிற்கிறோம்.

"வா, போய்டலாம்" என்றாள் அம்மா. கடற்கரையில் சொன்ன அதே குரல்.

எனக்கு வந்ததே கோபம். "போறதாவது! என் கழுத்தப் புடி."

"தூக்காதடி. பொணமாட்டம்..."

"பொணத்த யாரும் கட்டிப் புடிச்சித் தூக்க மாட்டாங்க. பொணம் திருப்பிக் கட்டிக்கவும் கட்டிக்காது. புடிம்மா!"

பிடித்துக்கொண்டாள். இறுக்கமாக. நான் அவளை அணைத்துத் தூக்கி இரும்பைத் தாண்டி வெளியே வந்தேன். கைப்பிடிகளைத் துடைத்துத் துடைத்து இரும்பாகி இருந்த உடம்பு, கையில் ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது. தளத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்த ஒரு ஆள் ஓடி வந்து வீல்சேரைத் தூக்கிப் போட்டார். என் வயசு இருக்கும். "மெதுவாம்மா, மெதுவா இருத்துங்க" என்ற பேச்சிலேயே தூத்துக்குடிப் பக்கம் என்று தெரிந்தது.

கப்பல் விளிம்பில் இருந்த கைப்பிடிக் கம்பி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினேன். கரை என்று எந்தப் பக்கமும் ஒன்றும் இல்லை. தண்ணீர், தண்ணீர், அது முடிகிற இடத்தில் வானம். அம்மா ஒரு முனையிலிருந்து மறு முனை வரை பார்த்தாள்.

"இவ்ளோ பெருசா?" என்றாள். பிறகு மெதுவாக, "இதுல அவர எங்கன்னு தேடுவேன்?"

நான் அவள் தோளில் கை வைத்தேன். அவள் எட்டிக் கீழே பார்த்தாள். பத்து மாடிக்குக் கீழே கடல் நுரைத்துக்கொண்டு போனது.

"தண்ணி இன்னாடி அவ்ளோ கீழ கீது? கை எட்டாதா?"

"எட்டாதும்மா."

இது எனக்குத் தோன்றவே இல்லை. கடலுக்கு நடுவில் கொண்டுபோய் விட்டால் கடல் கையில் கிடைத்துவிடும் என்று நினைத்திருந்தேன். அம்மா பையைத் திறந்து துண்டை எடுத்தாள். பிரித்து, கைப்பிடிக்கு மேலே தூக்கினாள்.

"எம்மா, எம்மா, போட்ராதீங்க!" அந்த ஆள் ஓடி வந்தார். "கடல்ல ஒண்ணும் போடக் கூடாதும்மா. கேமரா இருக்கு. எனக்குல்லா வேல போயிரும்."

"ஒரு துண்டுங்க!" என்று பாய்ந்தேன். "செத்துப் போன எங்கப்பாவோட துண்டு. இத்தப் போட்டா உங்க கடலு நெறஞ்சிடுமா? இதுக்குன்னே இவ்ளோ தூரம் வந்துகிறோம்!"

அவர் நகரவில்லை. கையிலிருந்த மாப்புக் கட்டையைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றார். நான் இன்னும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன்.

"வுடுடி" என்றாள் அம்மா. "உங்கப்பாவும் கேட்ல நின்னவருதான். உன்னாட்டம் எத்தன பேரு அவராண்ட கத்திட்டுப் போயிருப்பாங்க. வூட்டுக்கு வந்து ஒரு வார்த்த சொல்லுவாரா அவரு? தலைல தண்ணிய ஊத்திகினு துண்ட வீசிட்டு உக்காருவாரு."

துண்டை இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான் என்று தெரிந்துவிட்டது. என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, நான் துடைக்கவில்லை.

அம்மா பிடிமானத்துக்காகக் கைப்பிடியில் கை வைத்தாள். சட்டென்று கையை எடுத்து விரல்களைத் தேய்த்துப் பார்த்தாள். பிசுபிசுப்பு. ஹவுஸ்கீப்பிங் கை சும்மா இருக்குமா? துண்டை எடுத்தாள், கைப்பிடியில் ஒரு இழுப்பு இழுத்தாள். துண்டைத் திருப்பிப் பார்த்தாள், மோந்து பார்த்தாள், நாக்கு நுனியில் வைத்தாள்.

"உப்பு" என்றாள்.

என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்பா போனதற்கு அப்புறம் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

"உன் தம்பி சொன்னான் இல்ல, உப்போட உப்பாப் போய்ட்டாருன்னு? தள்ளு. நிறுத்தாத, தள்ளிகினே போ."

தள்ளினேன். அம்மா ஒரு கையால் துண்டைக் கைப்பிடியில் அழுத்திப் பிடித்தபடியே வந்தாள். விடிந்து கூட்டம் வர ஆரம்பித்துவிட்டது. கைப்பிடியில் சாய்ந்து போட்டோ எடுத்தவர்களை, "கொஞ்சம் நவுருப்பா" என்று நகர்த்தினாள். யாரோ ஒரு அம்மாள் எங்களைக் கப்பல் ஆட்கள் என்று நினைத்துக் காப்பி எங்கே கிடைக்கும் என்று கேட்டாள். அந்தத் தூத்துக்குடிக்காரர் பின்னாலேயே வந்து, "எம்மா, அது என் சோலிம்மா, நான் தொடச்சிக்கிடுதேன்" என்றார். "நீ அப்பறம் தொடப்பா. எனக்கு வேண்டியத நான் எடுத்துக்கறேன்" என்றாள் அம்மா. அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. நாங்கள் ஒரு பக்கம் முடித்து மறுபக்கம் போகும்வரை எங்களுக்கு முன்னால் எந்தக் கைப்பிடியிலும் அவர் துணி படவில்லை.

மறுநாள் காலையும் போனோம். இந்த முறை பலகை போட்ட கதவு வழியாக. ராத்திரி முழுக்கக் காற்று மறுபடி உப்பைக் கொண்டுவந்து ஒட்டியிருந்தது. அம்மா மறுபடி ஒரு சுற்று எடுத்தாள்.

துறைமுகத்தில் தம்பி காத்திருந்தான். "துண்ட வுட்டியாம்மா?" என்று கேட்டான். "வுடல" என்றாள். அவன் என்னைப் பார்த்தான், நான் வண்டியை எடுக்கச் சொன்னேன். செம்பரம்பாக்கம் ஏரி கண்ணில் பட்டபோது, "இதுல உப்பு இல்ல" என்றாள் அம்மா, ஏதோ எங்களுக்குத் தெரியாத விஷயம் மாதிரி. வீட்டுக்கு வந்ததும் துண்டை வாளியில் போடப் போன என் கையில் ஒரு அடி விழுந்தது. துண்டு காய்ந்து அப்பளம் மாதிரி விறைத்திருந்தது. "கதவு மேல போடு" என்றாள். போட்டேன். அதற்குப் பிறகு அதை யாரும் தொடவில்லை.

மழைக்காலம் தொடங்கும் நேரம். மூன்று நாளாக மேகம் கட்டிக்கொண்டு நின்றதே தவிர ஒரு சொட்டு விழவில்லை. ஷிப்ட் முடிந்து நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "இங்க வாடி. இத்தத் தொட்டுப் பாரு."

வாக்கரைப் பிடித்துக்கொண்டு உள் அறைக் கதவருகே நின்றிருந்தாள். தொங்கிக்கொண்டிருந்த துண்டின் நுனி அவள் கையில் இருந்தது. தொட்டேன். ஈரம். பிழிந்தால் தண்ணீர் வரும் ஈரம் இல்லை, குளித்துத் துவட்டி வீசிய ஈரம். மேகம் மூடினால் அடுப்படி ஜாடிக்குள் உப்பு கசிந்து நீர்விடுமே, அதுதான் இது. எனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். அந்த ஜாடியை நாற்பது வருஷமாகத் திறந்து மூடியவள் அவள்தான்.

அம்மா தலையை நிமிர்த்திக் கதவின் மேல்முனையைப் பார்த்தாள்.

"கொடி இன்னாத்துக்குக் கட்டிக்கீது, காக்கா உக்காரவா?" என்று கேட்டாள். பழைய குரல், பழைய கோபம்.

கேட்டுவிட்டு, வாக்கரைப் பிடித்தபடி, பதிலுக்காக நின்றாள்.